அக்காவைக் கூப்பிடு

சின்னவள் முறைத்த முறைப்புக்கு அந்தத் திரை எழுந்து ஓடியிருக்க வேண்டும். அது பாட்டுக்கு "ஒத்துவரவில்லை" என்று ஒரே ஒரு பதிலைக் காட்டிக்கொண்டு சொரணையில்லாமல் நின்றது. காலையில் கேட்டபோதும் அதே பதில். நேற்றும் அதே. அதற்கு முந்தின இரண்டு மாதம் முழுக்க அதே. கிளிப்பிள்ளைகூட இடையில் ஒரு தரம் வேறு ஏதாவது சொல்லிவைக்கும்.

பட்டறையின் மறுகோடியிலிருந்து லென்ஸ் அண்ணன் தலையைத் தூக்கினார். சர்க்யூட் பலகைகளுக்கு ஈயம் பற்றவைக்கிறவர் அவர். ஒற்றைக் கண்ணில் எந்நேரமும் பூதக்கண்ணாடி இருக்கும் என்பதால் பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருந்தது.

"என்ன சொல்லுது சின்னம்மா?"

"சொன்னதையே சொல்லுது."

"எங்க வீட்லயும் அப்படித்தான். நான் சரின்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்."

சின்னவளால் அப்படி எழுந்து போக முடியாது. பாட்டில்களில் தண்ணீரும் எண்ணெயும் மருந்தும் நிரப்பும் இயந்திரம் செய்கிற பட்டறை அது. எப்போது குழாயைத் திறப்பது, எப்போது மூடுவது என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கிற மூளை, நகத்தளவு சிப் ஒன்று. அந்தச் சிப்பைச் செய்தவர்கள் இனிமேல் செய்யமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதெல்லாம் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள். ஒவ்வொரு இயந்திரம் வெளியே போகும்போதும் சின்னவளின் கணவர் அந்த டப்பாவை எடுத்து, மாதக்கடைசியில் அரிசிப் பானையைப் பார்க்கிற மாதிரி, ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பார். சத்தம் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. டப்பா காலியாவதற்குள் புதிய சிப் வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பட்டறையை இழுத்துப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு திசையில் வேலை தேட வேண்டியதுதான்.

புதிய சிப் வந்து மேசையில் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பழைய மொழி புரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் இருக்கிறதே, அதில்தான் வண்டி அச்சு முறிந்து நின்றது.

பாலைத் தயிராக்கத் தயிர் வேண்டும் என்கிற கதைதான் இது. மனிதர் எழுதுவதைச் சிப்புக்குப் புரிகிற எண்களாக மாற்றித் தருவது கம்பைலர். அந்தக் கம்பைலரும் மனிதர் எழுதியதுதான், அதுவும் அதே மொழியில். அப்படியானால் அதை யார் எண்களாக மாற்றுவது? இன்னொரு கம்பைலர். தன் தோளில் தானே ஏறி நிற்கிற வேலை. புதிய வீட்டில் முதல் தயிருக்குப் பக்கத்து வீட்டில் உறை வாங்குகிற மாதிரி, பழைய சிப்பில் ஓடுகிற பழைய கம்பைலரைக் கொண்டு, புதிய சிப்புக்கு ஒரு குட்டிக் கம்பைலரை முதலில் செய்துகொள்ள வேண்டும். பிறகு அந்தக் குட்டி புதிய சிப்பில் உட்கார்ந்து, கம்பைலரின் மூலத்தை, அதாவது மனிதர் எழுதிய அதே வரிகளைப் படித்து, தானே ஒரு குட்டி போட வேண்டும். படித்தது ஒரே மூலம் என்பதால் இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தால், ஒப்பிட்டுப் பார்க்கிற நிரல் வாயே திறக்காது. வாயைத் திறந்தால் கோளாறு.

அது வாயை மூடுவதாக இல்லை.

சின்னவள் முதலில் பழியைப் புதிய சிப்பின் மேல் போட்டாள். செய்தவர்களுக்குக் காரசாரமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். அவர்கள் மரியாதையாக, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் போட்டார்கள். பிறகு பலகையின் மேல் சந்தேகப்பட்டாள். ஈயம் எங்கோ ஒட்டாமல் நிற்கிறதோ என்று லென்ஸ் அண்ணனிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் மனம் நொந்துவிட்டார் என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் தன் பற்று ஒன்றுகூட விட்டதில்லை, வேண்டுமானால் புதுப் பலகையே செய்து தருகிறேன் என்றார். செய்தும் தந்தார். அதிலும் "ஒத்துவரவில்லை."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லமாட்டேன் சின்னம்மா," என்றார் அவர், சொல்லிமுடித்த பிறகு.

அதன் பிறகுதான் அவள் குட்டியின் உள்ளே இறங்கித் தேடினாள். குட்டி ஒரு விஷயத்தில் முட்டாளாக இருந்தது. பட்டியல் முடிந்துவிட்டது என்று தெரியாமல் அதைத் தாண்டிப் போய், சம்பந்தமில்லாத இடத்திலிருந்து எதையெதையோ அள்ளிக்கொண்டு வந்தது. மூலத்தில் அந்த வரியைப் படித்துப் பார்த்தால் சரியாக இருந்தது. முடிவுக்கு அடையாளமாக மைனஸ் ஒன்று வைத்திருந்தது, அதைக் கண்டால் நில் என்று எழுதியிருந்தது. பழைய சிப்பில் நிற்கிறது, புதிய சிப்பில் நிற்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் ஒரு முட்டுக் கொடுத்தாள். அடுத்த இடத்தில் ஒழுகியது. அங்கும் ஒரு முட்டு. ஓட்டைக் குடத்துக்கு எத்தனை விரலை வைத்து அடைப்பது?

"அண்ணியைப் போய் ஒரு வார்த்தை கேட்டா என்னம்மா?" என்றார் அவள் கணவர், டப்பாவைக் குலுக்கி வைத்துவிட்டு. கேட்டவர் தம்பி. அண்ணனோடு பேச்சு முறிந்து வீட்டின் நடுவே சுவர் எழுப்பியதில் அவருக்குப் பாதிப் பங்கு. அவரே கேட்டுவிட்டார்.

சின்னவள் காதில் விழாதவள் போலத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு ஒரு கதை உண்டு.

அந்த மொழியையும் கம்பைலரையும் செய்தவள் பெரியவள், இவளுடைய ஓரகத்தி. மூத்தவரின் மனைவி. அந்தக் காலத்தில் சிப் கம்பெனியின் கம்பைலர் யானை விலை. பெரியவள் சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வெறும் எண்களாலேயே முதல் உறையைக் கையால் எழுதினாள். அதைக்கொண்டு கொஞ்சம் பெரியது, அதைக்கொண்டு இன்னும் பெரியது. சின்னவள் இரண்டாவது மருமகளாக வந்த வாரம், சமைக்கத் தெரியுமா என்று பெரியவள் கேட்கவில்லை. "ரிகர்ஷன் வருமா?" என்று கேட்டாள். நிரல் தன்னைத்தானே கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்கிற வித்தை அது. மாமியார் அது ஏதோ புதுவகைத் தையல் என்று நினைத்துக்கொண்டு, எங்கள் சின்னவளுக்கு அதெல்லாம் நன்றாக வரும் என்று விட்டுக்கொடுக்காமல் சொன்னாராம். ஓரகத்திகள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்ததுதான் மிச்சம். அக்கா எழுதுவாள், இவள் உடைத்துப் பார்ப்பாள். இவள் உடைத்ததை அக்கா சரிசெய்வாள். ஓரகத்தி உறவு என்றால் அரிவாளும் அரிவாளும் என்று ஊர் சொல்லும். இவர்களைப் பார்த்து ஊர் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு பழைய கடைசல் இயந்திரத்தை விற்பதா வைத்துக்கொள்வதா என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு முற்றி, அது அந்த இயந்திரத்தை விட்டுவிட்டு வேறு எங்கெங்கோ போய், கடைசியில் முற்றத்தின் நடுவே சுவராக வந்து நின்றது. வீடு அண்ணனுக்கு. பட்டறையும் அதன் மேல்மாடியும் தம்பிக்கு. பட்டறையோடு கம்பைலரும் சின்னவள் கைக்கு வந்தது.

கொடுக்கும்போது பெரியவள் ஒன்று சொன்னாள். "இதுல இருக்கறது எல்லாமே ஒரு காரணத்தோடதான் இருக்கு. எதுக்குன்னு புரியலைன்னா எடுத்துடாதே. கேளு."

நல்ல மனநிலையில் கேட்டிருந்தால் அது அக்கறை. சின்னவள் அன்றைக்கு இருந்த மனநிலையில் அது அதிகாரமாகக் காதில் விழுந்தது.

அந்த நிரலின் தலைமாட்டில் ஒரு பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கேள்விகள் இருந்தன. கம்பைலர் ஒவ்வொரு முறை கண்விழிக்கும்போதும் சிப்பைப் பார்த்து அந்தக் கேள்விகளைக் கேட்கும். பதில் சரியென்றால் சத்தமில்லாமல் வேலைக்குப் போகும். பதில் பிசகினால் அங்கேயே நின்று, "அக்காவைக் கூப்பிடு" என்று எழுதும். பழைய சிப் ஒருநாளும் தப்பாகப் பதில் சொன்னதில்லை என்பதால் அந்த வரி ஒருநாளும் ஓடியதில்லை. இருந்தாலும் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். கேள்விக்குக் கேள்வி, அக்காவைக் கூப்பிடு, அக்காவைக் கூப்பிடு. சுவர் வந்த பிறகு அது சின்னவளுக்குச் செருப்புக்குள் சிக்கிய கல் மாதிரி உறுத்தியது. என்றுமே ஓடாத வரிகளைப் பொறுக்கிக் காட்டுகிற ஒரு கருவி உண்டு. அதை ஓடவிட்டாள். அது இந்த வரிகளைச் சுட்டிக்காட்டியது. கரும்பு தின்னக் கூலியா? அந்தப் பக்கத்தையே வழித்து எடுத்தாள். வீட்டைச் சுத்தம் செய்கிற வேகத்தில் பழைய பிரதிகளையும் சேர்த்துத் துடைத்தாள். மறுநாள் எல்லாம் முன்போலவே ஓடின. பார்த்தாயா, ஒன்றுமே ஆகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புது வீட்டில் நாற்காலிகளைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துப் போட்ட மாதிரி நிம்மதியாக இருந்தது.

இப்போது போய்க் கேட்பதென்றால், இது இன்னும் உங்களுடையதுதான் என்று ஒப்புக்கொள்வதாகும். அதனால்தான் அன்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் டப்பாவின் சத்தம் ஒருநாள் கிலுகிலுப்பை அளவுக்கு வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். சுவரில் கதவு கிடையாது. தெருவில் இறங்கி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி, அந்த வீட்டு வாசலுக்கு வர வேண்டும். கூப்பிடு தூரத்துக்கு அவ்வளவு நடை. மூத்தவரின் செருப்பு வாசலில் இல்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள்.

"வா," என்றாள் பெரியவள். நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனவளை அழைப்பது போல.

கூடத்தில் தையல் இயந்திரம் இருந்தது. அதைச் சுற்றிப் பள்ளிக்கூடச் சீருடைச் சட்டைகள், காலர் இல்லாமல், தலை வெட்டினாற்போல அடுக்கிக் கிடந்தன. சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து மத்தியானங்களில் கடகடவென்று ஏதோ ஓடுகிற சத்தம் எத்தனையோ நாள் கேட்டதுண்டு. அது என்னவென்று சின்னவள் ஒருநாளும் யோசித்ததில்லை. மூலையில் முன்பு கம்ப்யூட்டர் இருந்த மேசையில் நூல்கண்டுகள் வரிசையாக நின்றன.

பெரியவள் மறுபடி தைக்க உட்கார்ந்தாள். சின்னவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் பொதுவாகச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் சொன்னாள். சிப் நின்றுபோனது, புதியது வந்தது, குட்டி போட்ட குட்டி ஒத்துவராதது, பட்டியல் முடிந்தும் நிற்காமல் ஓடுவது, தான் வைத்த முட்டுகள். பெரியவள் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. மைனஸ் ஒன்று என்கிற இடம் வந்ததும் கால் நின்றது.

"சின்னக் கட்டத்துல இருக்கிற நம்பரைப் பெரிய கட்டத்துக்கு மாத்தும்போது, மிச்ச இடத்துல இந்த சிப் என்ன போடுது?"

சின்னவளுக்கு உடனே புரியவில்லை. பெரியவள் ஒரு சின்னக் காலர் துண்டை எடுத்து, பெரிய துணியின் மேல் வைத்துக் காட்டினாள். பழைய சிப், சின்ன இடத்தில் மைனஸ் எண் இருந்தால், மிச்ச இடத்தையும் மைனஸாகவே நிரப்பிக் கொடுக்கும். மைனஸ் ஒன்று பெரிய இடத்துக்குப் போனாலும் மைனஸ் ஒன்றுதான். அது அந்தச் சிப்பின் பழக்கம். பழக்கம் என்பதால் யாரும் அதை மூலத்தில் எழுதிவைக்கவில்லை. சில சிப்புகள் மிச்ச இடத்தில் சும்மா பூஜ்யத்தைப் போட்டுவிடும். அப்போது மைனஸ் ஒன்று, இருநூற்று ஐம்பத்தைந்தாகி வெளியே வரும். மைனஸ் ஒன்றைக் கண்டால் நில் என்று வாசலில் நிற்கிற காவல்காரன், இருநூற்று ஐம்பத்தைந்தை யாரென்று கண்டான்? விட்டுவிடுவான்.

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. புதிய சிப்பில் இதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று பூஜ்யத்தை நிரப்பும், இன்னொன்று மைனஸைக் காப்பாற்றும். பழைய வேலைக்குப் புதிய சிப்பின் எந்தக் கட்டளை என்று முதல் நாள் அட்டவணை எழுதும்போது, பெயர் சின்னதாக இருக்கிறதே என்று முதலாவதை எடுத்துப் போட்டவள் அவள்தான்.

"அது உன்னைக் கேட்டிருக்குமே," என்றாள் பெரியவள். "நான் வச்சிருந்த முதல் கேள்வியே அதுதானே. மைனஸ் ஒண்ணைச் சின்னதுல போட்டு எடு, இன்னும் மைனஸா இருக்கான்னு பாரு. புது சிப்புல ஓடவிட்ட அன்னைக்கே நின்னிருக்கணுமே."

"எடுத்துட்டேன்க்கா."

"எதை?"

"அந்தப் பக்கம் முழுசையும். ஒருநாள்கூட ஓடலை, அதான்."

"ஓடக்கூடாதுன்னுதான் எழுதினது." பெரியவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அதுக்காக மட்டுமா எடுத்தே?"

சின்னவள் சட்டைகளைப் பார்த்தாள். "வரிக்கு வரி அக்காவைக் கூப்பிடு, அக்காவைக் கூப்பிடுன்னு இருந்துச்சு."

பெரியவள் சிரித்தாள். கோபமாக இருந்திருந்தால் சின்னவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பைத்தியம். அதை எழுதும்போது சுவர் ஏது? நீ அந்த ரூம்ல உடைச்சுக்கிட்டு இருப்பே, நான் அடுப்படியில இருப்பேன். அக்கான்னு ஒரு குரல் கொடுத்தா வந்துடப்போறேன். அதைத்தான் எழுதினேன்."

பிறகு பெரியவள், ஏதோ கடைக்காரரைப் பற்றிச் சொல்கிற சாதாரணக் குரலில், மீதியைச் சொன்னாள். பழைய சிப் நின்றுபோன செய்தி அவள் காதுக்கும் வந்ததாம். லென்ஸ் அண்ணனைத் தெருவில் பார்த்தபோது, புதியது வந்துவிட்டது, சின்னம்மா ஓடவிட்டுப் பார்க்கிறார் என்று அவர் சொன்னாராம். சரி, முதல் கேள்வியிலேயே நிற்கும், இன்றைக்கோ நாளைக்கோ வருவாள் என்று இருந்தாளாம். கம்ப்யூட்டரைத் துடைத்து, ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்து வைத்தாளாம்.

"நீ வரலை. அந்த வரி ஓடியிருக்கும், நீ பாத்திருப்பே, பாத்துட்டும் கூப்பிட வேண்டாம்னு நீ விட்டுட்டியாக்கும்னு நினைச்சுக்கிட்டேன். போன மாசம்தான் கம்ப்யூட்டரை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துட்டேன். இடத்தை அடைச்சுக்கிட்டு எதுக்கு?"

பார்க்கவில்லை அக்கா, அது ஓடவே இல்லை என்று சொல்லச் சின்னவள் வாயெடுத்தாள். சொல்லவில்லை. கண்டும் கூப்பிடாமல் இருந்தது பெரிய தப்பா, கூப்பிடச் சொன்ன வாயையே அடைத்துவைத்தது பெரிய தப்பா என்று அவளுக்கே நிதானப்படவில்லை.

"வந்து ஒரு தடவை பாருங்கக்கா. மிச்சக் கேள்வியெல்லாம் என்னென்ன இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகமில்லை."

பெரியவள் காலரை ஊசிக்கு அடியில் வைத்தாள். "மறந்துபோச்சுன்னு சொன்னா பொய். ஒண்ணுவிடாம ஞாபகம் இருக்கு. அதனாலதான் வேண்டாங்கறேன், வந்து உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. வெள்ளிக்கிழமைக்குள்ள இத்தனை சட்டையும் கொடுக்கணும். அந்தக் கட்டளையை மட்டும் மாத்து, ஓடிடும். நீ வச்ச முட்டுக எல்லாத்தையும் எடுத்துடு, அசிங்கமா இருக்கும்."

வாசல் வரை வந்து வழியனுப்பினாள். அதுவரைதான் வந்தாள்.

பட்டறைக்கு வந்து சின்னவள் ஒரே ஒரு கட்டளையை மாற்றினாள். முட்டுகளையெல்லாம் எடுத்தாள். பழையது ஒரு குட்டி போட்டது, குட்டி ஒரு குட்டி போட்டது. இரண்டையும் ஒப்பிடக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன சொல்லுது சின்னம்மா?"

"ஒண்ணும் சொல்லலை அண்ணே."

லென்ஸ் அண்ணன் எழுந்து வந்து காலித் திரையைக் கண்ணாடி வழியாகவே பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும், "மிச்ச இடத்துல எதை நிரப்புறதுங்கறதுலயா மாட்டினோம்? நிரப்புறதுதானே நம்ம தொழிலே," என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு, அவளுடைய கணவரிடம் சொல்லப் படியேறிப் போனார். மேலே பிஸ்கட் டப்பாவை யாரோ மேளம்போலத் தட்டுகிற சத்தம் கேட்டது. பட்டறை பிழைத்துவிட்டது.

சின்னவள் கோப்பின் தலைமாட்டுக்குப் போனாள். முதல் கேள்வியை எழுதினாள். இரண்டாவது, எண்களை எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குகிறாய் என்பது. அதையும் எழுதினாள். மூன்றாவது ஏதோ வகுத்தல் பற்றியது, மங்கலாக நினைவு வந்தது. அதற்குக் கீழே ஒரு பக்கம் நீளத்துக்கு என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மூன்றோடு நிறுத்தினாள். பதில் பிசகினால் என்ன சொல்ல வேண்டும் என்கிற இடத்தில், வேறு எதுவும் தோன்றாமல், பழைய வார்த்தையையே தட்டினாள்.

எழுதிய காவல் வேலை செய்கிறதா என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டுமே. கட்டளையை வேண்டுமென்றே பழையபடி தப்பாக மாற்றி ஓடவிட்டாள். கம்பைலர் கண்விழித்த கையோடு நின்றது.

அக்காவைக் கூப்பிடு.

இத்தனை வருஷத்தில் அந்த வரி ஓடி அவள் பார்ப்பது அதுவே முதல் முறை. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, நின்றது, மறுபடி ஓடியது. ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரம்தான்.

சின்னவள் கட்டளையைச் சரியாக மாற்றி மீண்டும் ஓடவிட்டாள். வரி மறைந்தது. புதிய சிப் மூன்று கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் வேலைக்குப் போனது.